தசரதன் வளர்த்த கல்யாண வாழை

எங்க வீட்டுக்காரர் தசரதனை ஏரியைப் பத்திக் கேளுங்க, எந்தக் காத்துக்கு எந்தப் பக்கம் இறால் ஒதுங்கும்னு கண்ணை மூடிக்கினு சொல்வாரு. செடியைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. தெரியாதுன்னு ஒத்துக்கவும் மாட்டாரு. இருபத்திநாலு வருஷமா இவரோட மாரடிக்கிறேன், எனக்குத் தெரியாதா?

வினை எங்க ஆரம்பிச்சதுன்னா, போன வருஷம் தையில எங்க பொண்ணு கலைவாணிக்கு நிச்சயம், ஒரு வருஷம் கழிச்சுக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் நம்ம ஜனந்தான். ஆனா பொன்னேரி பக்கம் போயி வீடு கட்டி, பின்னால வாழை வச்சிருக்காங்க. மாப்பிள்ளையோட அம்மா ராஜம்மா, எங்க ஊரு தோணிரேவுக்கு வந்து வீட்டைச் சுத்திப் பாத்துட்டு, "வாசல்ல கட்ட வாழைமரம் நாங்களே கொண்டாந்துடறோம். இந்த உப்பு மண்ணுல உங்களுக்கு இன்னா முளைக்கும்?"னுச்சு. நல்ல மனசுலதான் சொல்லிச்சோ இன்னாவோ. இவருக்கு ரோஷம் பொத்துக்கினு வந்துடுச்சு. "வேணாம் சம்பந்தியம்மா. எம் பொண்ணு கல்யாணத்துக்கு நானே வளத்துக் கட்டறேன்"னு பத்து பேர் நடுவுல சொல்லிட்டாரு.

ஊர்ல முறை வச்சித்தான் ஏரியில வலை போடுவோம். எங்க முறை வந்த நாள் பாத்து, வலையை என் தம்பி கையில குடுத்துட்டு எளாவூர் பக்கம் ஒரு நர்சரிக்குப் போனாரு. அங்க இன்னா கேட்டிருக்காரு தெரியுமா? "இருக்கறதுலயே குட்டையா, தண்டு கெட்டியா, காத்துக்குச் சாயாததா குடு. சீக்கிரம் பூக்கணும்." படகுக்குக் கம்பு பாக்கற மாதிரி வாழை பாத்து, ரெண்டு கன்னு வாங்கினு வந்தாரு. கேட்டதைத்தான் அவன் குடுத்தான், அவனைச் சொல்லி இன்னா பண்றது.

அன்னிலேர்ந்து எனக்குப் புடிச்சது ஏழரை. ஓட்டை விழுந்த ஃபைபர் படகு ஒண்ணு வீட்டுக்குப் பின்னால கெடந்தது. திருப்பாலைவனத்துல நெல்லு போடற திருவேங்கடம் வயல்லேர்ந்து மூட்டை மூட்டையா மண்ணு கொண்டாந்து அதுல ரொப்பினாரு. காத்து எலையைக் கிழிக்குதுன்னு பழைய வலையை மூணு மடிப்பா சுத்திக் கட்டினாரு. மொதல்ல மீன் கழுவின தண்ணியை ஊத்தினாரு, உரமாம். கழுவினது உப்புக் கரிக்கற ஏரித் தண்ணியில. எலை ஓரமெல்லாம் தீஞ்சு போச்சு. அப்புறம் லாரியில வர்ற குடிதண்ணிதான். நான் வரிசையில நின்னு, அடிச்சுப் புடிச்சு ஆறு கொடம் கொண்டாந்தா, ரெண்டு கொடம் வாழைக்கு. "யோவ், ஒலை வெக்கத் தண்ணி இல்ல, உனக்கு வாழை கேக்குதா?"ன்னா, "ஒரு வருஷந்தானே காந்தா"ன்னு இளிப்பாரு. விடிஞ்சா அந்த ரெண்டு மூஞ்சியிலதான் முழிப்பாரு. கோவம் வருமா வராதா?

ஐப்பசி மழைக்கப்புறம் பூ விட்டுச்சு, ரோஸ் கலர்ல. ஊரே வந்து பாத்துச்சு. இவருக்குக் காலு தரையில நிக்கல. பின்னாலயே காயும் வந்துச்சு, விரல் நீளத்துக்கு, அதுவும் ரோஸ். குலை கீழ தொங்காம வானத்தைப் பாத்துக்கினு நின்னுச்சு. "இன்னாய்யா, தலைகீழா இருக்கு?"ன்னேன். "கனம் ஏறினா தானா தொங்கும்"னாரு. தொங்கல. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கறப்ப தோல் தன்னால வெடிச்சு, உள்ள கருப்பு கருப்பா கொட்டை தெரிஞ்சது.

அன்னிக்குக் கல்யாண அரிசி கொண்டாந்த திருவேங்கடம் பாத்துட்டு, "அண்ணே, இது பங்களா வாசல்ல அழகுக்கு வெக்கற வாழை. திங்கவும் ஆவாது, கட்டவும் ஆவாது. கட்டினா சிரிப்பாங்க"ன்னாரு.

இவருக்கு நாலு நாளும் சோறு எறங்கல. ஒரு வருஷமா திட்டறதுக்குன்னு நான் சேத்து வச்சிருந்தது அவ்ளோ இருக்கு. எதிர்ல இருக்கற மூஞ்சி அப்படி இருந்தா எப்படித் திட்டறது? அது வேற எனக்கு எரிச்சல்.

கல்யாணத்தன்னிக்குக் காலையில கத்தியை எடுத்துக்கினு, "திருப்பாலைவனம் போயி நல்ல மரமா ரெண்டு வெட்டினு வரேன்"னு கெளம்பினாரு. தலை பின்னிக்கினு இருந்த கலைவாணி, "நைனா, நம்ம மரம் இருக்கே"ன்னா. "சிரிப்பாங்கம்மா"ன்னாரு.

எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. "கத்தியை இப்படிக் குடுய்யா"ன்னு புடுங்கினு போயி ரெண்டையும் நானே வெட்டினேன். என் தண்ணியைக் குடிச்ச மரம், வேற யாரு வெட்டறது? வாசல்ல ரெண்டு பக்கமும் நிக்க வச்சுக் கட்டச் சொன்னேன்.

வேன்லேர்ந்து எறங்கின ராஜம்மா வாசல்லயே நின்னுடுச்சு. "இன்னா சம்பந்தியம்மா இது, குலை மேல பாத்துக்கினு இருக்கு?" பின்னால ரெண்டு பேர் சிரிச்சாங்க. இவரு பந்தக்காலைப் புடிச்சிக்கினு தரையைப் பாத்தாரு.

"எங்க ஊர்ல வாழை இப்படித்தான் காய்க்கும்"னேன். "நாங்க குடிக்கற தண்ணியை ஊத்தி, பொண்ணுக்காக அவங்க நைனா வளத்தது. உள்ள வாங்க."

ராஜம்மா அந்தக் குலையை ஒரு தரம் தொட்டுப் பாத்துட்டு உள்ள வந்துச்சு. திரும்பினா, இவரு துண்டால மூஞ்சியைத் தொடைச்சிக்கினு இருக்காரு.

"இந்த அழுகையைப் பொண்ணு கெளம்பறப்ப வச்சிக்க"ன்னேன். "இப்ப போயி பந்திக்கு எலை போடு."