ஊதுபத்தி மணந்த வண்டி

அப்புசாமியின் உடம்பில் ஆஸ்பத்திரி வண்டியில் ஸ்டிரெச்சர் தூக்கும் வேலை தந்த தழும்புகள் பல. இடது புருவத்தில் இருப்பது, ஒரு குடிகாரன் எறிந்த சொம்பு பட்டது. முழங்கையில் இருப்பது, தேள் கொட்டிய ஒருத்தியின் மாமியார் கடித்தது. “தேளுக்கு ஊசி இருக்குதுங்ணா, மாமியாக்காரிக்கு எங்க போறது?” என்று டிரைவர் வேலுசாமி கேலி செய்வார். காப்பாற்றப் போகிறவனை ஏன் அடிக்கிறார்கள்? அப்புசாமி முருகனிடமே கேட்டுப் பார்த்துவிட்டார்.

எண்பத்தொன்றில் நாமக்கல் பக்கத்து அந்த அரசு ஆஸ்பத்திரிக்கு இருந்தது ஒரே வண்டி. பிரசவத்துக்கும் அதுதான், பிணத்துக்கும் அதுதான். சனங்கள் அதைப் பொணவண்டி என்றார்கள். அந்த வருத்தத்தில்தான் அப்புசாமி தினமும் காலையில் வண்டிக்குள் மஞ்சள் தண்ணீர் தெளித்து, முருகன் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவார். ஏறுகிறவர்கள் நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும் என்பது வேண்டுதல்.

அன்றும் கொளுத்தினார். புகை அடங்குமுன் ஆள் வந்து நின்றது. நாமகிரிப்பேட்டைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பொன்னாத்தாளுக்குக் குழந்தை பிறந்து, ரத்தம் நிற்கவில்லையாம். நர்ஸ் அங்கம்மாளை ஏற்றிக்கொண்டு பறந்தார்கள்.

நர்ஸம்மா வீட்டுக்குள்ளேயே குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, “சீக்கிரம் தூக்குங்க, தாமசம் பண்ணுனா உசுரு நிக்காது” என்றார். ஸ்டிரெச்சரில் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். புருசன் மருதாசலம் வண்டிக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டான். மூக்கை உறிஞ்சினான். அவ்வளவுதான்.

“ஊதுபத்தி நாத்தம்! இப்பத்தான் பொணத்த எறக்கிப்போட்டு வந்திருக்கறானுங்க! உசுரோட இருக்கறவள இதுல ஏத்தறதா?”

மாட்டுக்கொட்டாயில் செருகியிருந்த அருவாளை உருவிக்கொண்டு வந்து கதவை மறித்தான்.

“அது சாமிக்குக் கொளுத்துனதுங்க மாப்ளே” என்றார் அப்புசாமி.

“ஆருகிட்டக் கதை உடற? கிட்ட வந்தீன்னா வெட்டிப்போடுவேன்!”

வேலுசாமி பல்லைக் கடித்தார். “எத்தன தடவ சொன்னேனுங்ணா, வேண்டாம் வேண்டாம்னு? உங்க பக்தியில இன்னைக்கு நமக்கே ஊதுபத்தி கொளுத்தப் போறாங்க.”

அப்புசாமிக்கு எல்லார் மேலும் எரிச்சல் வந்தது. மருதாசலம் மேல், தன் மேல், படத்தில் சிரித்துக்கொண்டிருந்த முருகன் மேலும்கூட. பொன்னாத்தாளின் உதடு வெளுத்துக்கொண்டே போனது. அருவாளைப் பிடுங்கப் போனால் என்னவாகும் என்பதற்குக் கட்டைவிரலில் ஒரு தழும்பு சாட்சி. நியாயம் பேசவும் நேரமில்லை.

நர்ஸம்மா உயர்த்திப் பிடித்திருந்த கண்ணாடி பாட்டிலை வாங்கி, அருவாளுக்கு நேராகப் போய் நீட்டினார்.

“வெட்டுங்க. மொதல்ல இதப் புடிங்க. உங்க பொண்டாட்டி உசுரு இதுலதான் சொட்டுது. ரெண்டு கையிலயும் தூக்கிப் புடிங்க, நான் உடறேன், உழுந்தா ஒடஞ்சிரும்!”

சொல்லிக்கொண்டே பிடியைத் தளர்த்தினார். மருதாசலம் பதறி இரண்டு கையாலும் பாட்டிலைப் பற்றினான். அருவாள் மண்ணில் விழுந்தது. அப்புசாமி அதைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

“ஏறுங்க இப்ப. கொழாய் அவ கையில இருக்குது, அவ போற எடத்துக்கு நீங்களும் வந்துதான் ஆகோணும்.”

வழியெல்லாம் குழிக்குக் குழி அவன் தலை கூரையில் இடித்தது. வண்டியை, ரோட்டை, ஊதுபத்தியை, வேலுசாமியைப் பெற்றவளை, ஒருவரையும் விடாமல் திட்டிக்கொண்டே வந்தான்.

“திட்டு சாமி, நல்லாத் திட்டு. கைய மட்டும் எறக்கிப்போடாத” என்றார் அப்புசாமி, அலுத்துப்போய்.

மத்தியானம் ரத்தம் நின்றது. பொழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்னார். மருதாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்புசாமியிடம் வந்தான். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று அவரும் காத்திருந்தார்.

“ஏனுங்க, என்ற அருவா எங்கீங்க?”

“உங்க வாசல்லயேதான் கெடக்குது. போய் எடுத்துக்கோ சாமி.”

மறுநாள் காலை மஞ்சள் தண்ணீர் தெளித்து முடித்ததும் அப்புசாமியின் கை தீப்பெட்டிக்குப் போனது. நின்றது. பூ வைக்கலாமா என்று யோசித்தார். அதையும் பொணத்துக்குப் போட்ட மாலை என்பார்கள். கடைசியில் வெறுங்கையைக் கூப்பினார்.

“கோவிச்சுக்காத முருகா. நீ இருக்கறது இவங்க மூக்குக்குத் தெரியாமயே இருக்கட்டும்.”