சிரித்தபடி வந்த ஆள்

வழியில் நின்றுபோன வண்டிகளுக்கு ஆள் அனுப்பும் கம்பெனியில் எனக்கு ஃபோன் எடுக்கும் வேலை. என் அக்கா வீட்டுக்காரர் அங்கேதான் மெக்கானிக். பதினெட்டு வருடமாக ரோட்டில் இருக்கிறார். எப்பேர்ப்பட்ட வண்டியும் அவர் கை பட்டால் வழிக்கு வந்துவிடும். மனிதர்கள்தான் மிரண்டார்கள்.

மாமாவின் முகம் அப்படி. சும்மா இருக்கும்போதே எள்ளும் கொள்ளும் வெடிக்கும். யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டார். நேராகப் போய்ப் புறங்கையால் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பார். வண்டியைப் பிடுங்க வந்த ஆள் என்று நினைத்து ஒருவர் சாவியோடு ஓடியே போயிருக்கிறார். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று சொன்னவருக்கு வண்டி நடுவழியில் நின்றதில்லை போலிருக்கிறது.

போன மாதம் மேனேஜர் மாமாவைக் கூப்பிட்டார். "பாத்த முதல் நிமிஷத்துலயே கஸ்டமருக்கு நம்பிக்கை வரணும். இன்னும் ஒரு புகார் வந்தா ரோட்டுக்கு அனுப்ப மாட்டேன். ஷெட்லயே டயர் அடுக்கிட்டு இருங்க."

மாமா அன்று வீட்டில் சாப்பிடவில்லை. ஷெட்டில் அடைத்தால் மனிதர் ஒடிந்துவிடுவார். 

அக்கா பொறுப்பை எடுத்துக்கொண்டாள். கம்பெனி வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு மரியாதையாக நடந்து போக வேண்டும். எண்ணெய்க் கறை படிந்த கோட்டு கூடாது, இஸ்திரி போட்ட சட்டை. தொப்பியைக் கழற்றி, பல் தெரியச் சிரித்து, "பத்திரமா இருக்கீங்களா?" என்று கேட்க வேண்டும். தினமும் கண்ணாடி முன் பயிற்சி. ஆறாம் நாள் மாமா எல்லாவற்றையும் சேர்த்துச் செய்து காட்டினார். எனக்கு வாசல் எந்தப் பக்கம் என்று பார்க்கத் தோன்றியது. அக்காவிடம் அதைச் சொல்ல யாருக்குத் தைரியம்?

மறுநாள் மதியம் நெடுஞ்சாலையில் ஒரு காருக்கு டயர் போய்விட்டது. மாமாவை அனுப்பினேன். அரைமணியில் அந்தக் காரில் இருந்த அம்மா மறுபடி கூப்பிட்டார், தணிந்த குரலில்.

"சார், உங்க ஆளு இன்னும் வரலை. ஆனா ஒரு வழுக்கைத் தலைக்காரன் ஜன்னல்கிட்ட நின்னு சிரிக்கிறான். பத்திரமா இருக்கேனான்னு வேற கேக்கறான்."

கண்ணாடியை இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாமாவைக் கூப்பிட்டேன்.

"மாமா, தயவுசெஞ்சு சிரிக்காதீங்க. திரும்பிப் போய் கோட்டு, தொப்பியெல்லாம் மாட்டிக்கிட்டு வண்டியோட வாங்க. எப்பவும் போல இருங்க."

"அப்போ உங்க அக்கா சொன்னது?"

"அதை நான் பாத்துக்கறேன்."

மாலையில் அந்த அம்மா எழுதி அனுப்பியிருந்தார்: 'முதலில் யாரோ ஒருவன் சிரித்தபடி வந்தான். உயிரே போய்விட்டது. நல்லவேளை, அவன் போனதும் உங்கள் மெக்கானிக் வந்தார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முன்பு நட்டை முறுக்கியவனைத் திட்டிக்கொண்டே பத்து நிமிடத்தில் டயரை மாற்றினார். முகத்தைப் பார்த்ததுமே நம்பிக்கை வந்துவிட்டது.' ஐந்து நட்சத்திரம்.

மேனேஜர் மாமாவை ரோட்டிலேயே இருக்கச் சொன்னார். கூடவே, அந்தச் சிரித்த ஆளைப் பற்றி மெக்கானிக்கிடம் விசாரித்து எழுதும்படி என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். கஸ்டமரின் பாதுகாப்பு முக்கியமாம்.

தாளோடு மாமாவிடம் போனேன். "என்னன்னு எழுதறது மாமா?"

மாமா கையைத் துடைத்துக்கொண்டு தொப்பியைச் சரிசெய்தார்.

"ஆளு கெட்டவன் இல்ல மாப்ளே. போயிட்டான்னு எழுது. இனிமே வரமாட்டான்."