பாடு தவறிய காணும் பொங்கல்

அன்றைக்குப் படகில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் மனைவி, ஒன்பது வயதில் மூத்த பெண், ஆறு வயதில் இளையவள், என் மனைவியின் தம்பி, படகுக்காரர். எங்கள் வீட்டில் அந்த நாளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "நாம அஞ்சு பேரும் போனோமே" என்றுதான் ஆரம்பிப்பார்கள். படகுக்காரரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால்தான் முதலிலேயே ஆறு என்று எழுதி வைக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஆரம்பாக்கத்தில் குடியிருந்தோம். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புப் பட்டறையில் எனக்கு வேலை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால், இந்த வேலை போனால் வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள் என்கிற பயம் எப்போதும் உண்டு. எனக்குப் பயப்படுவதற்குக் காரணமே வேண்டாம். பிள்ளைகள் இருமினால் பயம், இருமாமல் தூங்கினாலும் எழுந்துபோய் மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன்.

ஆனால் மழை நின்று பனி விழும் அந்த இரண்டு மாதம் மட்டும் கொஞ்சம் மனுஷனாக இருப்பேன். வெயில் உறைக்காது. காசும் அதிகம் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அறுப்பு முடிந்த வயல் வழியாக எல்லோரும் நடப்போம். ஸ்டேஷனில் உட்கார்ந்து, நிற்காமல் போகிற மெயில் வண்டியின் பெட்டிகளைப் பெண்கள் எண்ணுவார்கள். நாலணாவுக்கு அவித்த வேர்க்கடலை வாங்கினால் ஐந்து பேருக்கும் ஆகும். "ஓசி சினிமா" என்பாள் என் மனைவி.

அந்த வருஷம் காணும் பொங்கலுக்கு ஏரியில் பூநாரை பார்க்கப் போகலாம் என்று மச்சான் கிளப்பிவிட்டான். புளிசோறு கட்டிக்கொண்டு விடியற்காலையில் நடந்தே ஏரிக்கரைக் குப்பத்துக்குப் போனோம். அங்கே ஒருவர் மூன்று ரூபாய்க்குப் படகில் அழைத்துப் போகச் சம்மதித்தார். என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார்.

"மணல்திட்டுல எறக்கி வுடறேன். புள்ளைங்க ஆடட்டும். ஆனா ரெண்டு மணிக்கெல்லாம் திரும்பிடணும் அண்ணே. சாயந்தரம் எனக்குப் பாடு" என்றார்.

பாடு என்றால் என்னவென்று மச்சான் கேட்டான். நீளக் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே அவர் விளக்கினார். ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் சிலதான். அவற்றைக் குப்பத்துக் குடும்பங்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கின்றன. ஒரு குடும்பத்துக்கு முறை வர இருபது நாள் ஆகும். முறைக்காரர் பொழுது இறங்குவதற்குள் வலையோடு அங்கே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடுத்த முறைக்காரர் வலையைப் போட்டுவிடுவார். யாரும் சண்டை பிடிக்க முடியாது. போனது போனதுதான். பண்டிகை என்று அது நிற்காது. இவ்வளவையும் நான் காது கொடுத்துக் கேட்டேன். கேட்கவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டது பொய்.

திட்டு பக்கத்தில் வந்தபோது தூரத்துத் தண்ணீரில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. அது எழுந்து பறந்தது. இளையவள் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. மச்சான் மணலில் குட்டிக்கரணம் போட்டான். படகுக்காரர் வீச்சு வலையில் ஏழெட்டு மடவை மீன் பிடித்து, சுள்ளி பொறுக்கி, பெண்களுக்குச் சுட்டுக் கொடுத்தார். அதற்கு அவர் காசு கேட்கவில்லை. என் மனைவி அப்படிச் சிரித்துச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

மத்தியானத்துக்குமேல் வாடைக்காற்று வலுத்தது. தண்ணீர் சுருக்கம் சுருக்கமாக எழுந்து திட்டில் வந்து அடித்தது. எனக்கு நீந்தத் தெரியாது.

"கெளம்பலாம் அண்ணே" என்றார் படகுக்காரர்.

"காத்து கொஞ்சம் அடங்கட்டுமே."

"இது அடங்கற காத்து இல்ல. இதுல தெனம் போய்க்கினு வந்துகினுதான் கீறோம். கழி ஊனுற தண்ணிதானே, இன்னா பயம்?"

மச்சான் விடவில்லை. "மாமா, உன் இடுப்பளவு தண்ணிக்கு ஏன் இப்படி நடுங்கற? படகு கவுந்தா எழுந்து நின்னுக்கோ!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைப் பிடிவாதக்காரனாக்கியது என்று சொல்லலாம். இல்லை, வெறும் பயம்தான். இன்னும் அரைமணி, இன்னும் அரைமணி என்று தள்ளினேன். வெயில் சாயச் சாயப் படகுக்காரர் சூரியனைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார்.

என் மனைவி தனியாக வந்து சொன்னாள். "இன்னாங்க, அந்த மனுஷன் பொழப்பு போவுது. கெளம்புங்க."

அப்போதுதான் அதைச் செய்தேன். படகுக்காரரிடம் போய், "சின்னதுக்கு ஒடம்பு சுடுது. இந்தக் காத்துல கொண்டுபோனா ஜன்னி கண்டுடும். கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்த இளையவள் நிமிர்ந்து, "எனக்கு ஒண்ணும் இல்ல நைனா!" என்றாள்.

படகுக்காரர் அவள் அருகே குந்தி, நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கழியை மணலில் குத்தி நிறுத்திவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ போய்ட்டு நாளைக்கு வா, நாங்க இங்கயே கெடக்கறோம்" என்றான் மச்சான், விளையாட்டாக.

"பொம்பளப் புள்ளைங்கள வுட்டுட்டு எப்படிப்பா போவேன்?" என்றார் அவர். விளையாட்டாகச் சொல்லவில்லை.

கடைசியில் இருட்டிவிடுமோ என்கிற பயம் காற்றின் பயத்தைவிடப் பெரிதான பிறகுதான் நான் படகில் ஏறினேன். காற்று அப்போதும் அடங்கியிருக்கவில்லை. படகு ஆடக்கூட இல்லை. வழியில் மூங்கில் நட்டிருந்த ஓர் இடத்தில் வேறொருவர் வலையைக் கட்டி முடித்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை விரித்தார். நம்மவர் தலையை மட்டும் அசைத்துவிட்டுக் கழியைத் தள்ளினார்.

கரையில் அவர் மனைவி வலையை மடித்துத் தயாராக வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "இருவது நாளா இந்த ஒரு பொழுதுக்குத்தான்யா குந்திகினு இருந்தோம்" என்றார். அது புருஷனுக்கா எனக்கா தெரியவில்லை. நான் ஐந்து ரூபாய்த் தாளை நீட்டினேன். "பேசுனது மூணு" என்று படகுக்காரர் மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாய் குழறி, அன்றைக்கு அந்த இடத்தில் விழுகிற இறால் என்ன விலைக்குப் போகிறதோ அதை நானே தருவதாகச் சொன்னேன். திரும்பி நடக்கையில் பெண்கள் பாடிக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த ஞாயிறு போய்க் கேட்டேன். முப்பத்தெட்டு ரூபாய்க்குப் போயிருந்தது. எட்டு ரூபாய் கொடுத்தேன். அவர் மனைவி வாங்கிக்கொண்டார். அடுத்த மாதச் சம்பளத்தில் ஐந்து கொடுத்தேன். மாதாமாதம் இப்படியே தீர்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

மூன்றாம் மாதம் சம்பளம் வாங்கிய மறுநாள் கடைத்தெருவில் படகுக்காரரே எதிரில் வந்தார். பையில் பணம் இருந்தது. நான் பேச வாயெடுப்பதற்குள் அவர், "புள்ளைக்கு ஒடம்பு இப்ப எப்படி கீது?" என்று கேட்டார்.

குத்திக் கேட்டாரா, உண்மையிலேயே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகத்தில் ஒன்றும் இல்லை. "நல்லா இருக்கா" என்றேன். "சரி" என்று அவர் போய்விட்டார். பையில் விட்ட கையை நான் வெளியே எடுக்கவே இல்லை. அதற்குப்பிறகு அந்தக் குப்பத்துப் பக்கம் போகவில்லை. மறு வருஷம் கும்மிடிப்பூண்டிக்கே குடி மாறினோம். வேலைக்குப் பக்கம் என்று வீட்டில் சொன்னேன்.

பெண்கள் இருவருக்கும் கல்யாணமாகிவிட்டது. சின்ன வயதில் எது சந்தோஷமான நாள் என்று கேட்டால் இருவரும் அந்தத் திட்டைத்தான் சொல்கிறார்கள். "மூணே ரூபாயில எங்க நைனா ஏரியையே காட்டினாரு" என்று மருமகன்களிடம் பெருமை பேசுகிறார்கள். நான் மறுத்துச் சொன்னதில்லை.

பதின்மூன்று கொடுத்திருக்கிறேன். பாக்கி இருபத்தைந்து ரூபாய்.