அவர் கைகாட்ட வேண்டிய செடி

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கூடவே பேச்சும் போனது. மிச்சம் இருந்தது இடது கையும் ஒரு தலையாட்டலும்தான். சோறு வேண்டுமா என்றால் ஆட்டுவார். வேண்டாமா என்றாலும் ஆட்டுவார். கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சுக்கு ஒருமுறைகூடத் தலையாட்டாத மனுஷர், இப்போது பூம்பூம் மாடு மாதிரி எல்லாவற்றுக்கும் ஆட்டினார். ஆரம்பத்தில் இதைச் சொல்லி நானே சிரித்தேன். போகப்போகச் சிரிப்பு வரவில்லை.

கைகால் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு வழி சொன்னாள். "ஆமாவா இல்லையான்னு கேக்காதீங்க ஆன்ட்டி. ரெண்டு பொருள முன்னால வைங்க, எது வேணும்னு கைகாட்டச் சொல்லுங்க. ஒன்னு காட்டிட்டார்னா போதும்லா, அப்புறம் மத்ததும் வரும்." தட்டு வைத்தேன், சட்டை வைத்தேன், டிவி ரிமோட்டையும் பக்கத்தில் வானொலியையும் வைத்தேன். அவர் என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தபடியே தலையாட்டினார். உள்ளே ஆள் இருக்கிறாரா என்றே எனக்குச் சந்தேகம் வர ஆரம்பித்தது. அந்தப் பயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கோலாலம்பூரில் வேலை செய்யும் மகள் விடுமுறைக்கு வந்தபோது சின்னக் கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். "மீன் அப்புறமா விடலாம்மா. மொதல்ல கல்லு, செடி. அப்பாவே செலெக்ட் பண்ணட்டும்." செய்துவிட்டுப் போனால் பரவாயில்லை, சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நாங்கள் இருக்கும் தாமான் குடியிருப்பு கோலா பிலா ஊர்ப் பக்கம், பழைய செம்பனை எண்ணெய்த் தோட்டத்தை ஒட்டியே இருக்கிறது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் பின்னால் ஓடும் ஆற்றுக்குப் போய்க் கூடை நிறையக் கல் பொறுக்கி வந்தேன். ஒவ்வொன்றின் மேலும் புளிக்காடி என்கிற வினிகரை ஊற்றிப் பார்க்க வேண்டுமாம். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், தண்ணீரைக் கெடுத்துவிடுமாம். மகள் போனில் சொல்லச் சொல்ல ஊற்றினேன். வீடு முழுக்க ஊறுகாய் வாசனை. தேறிய கற்களை இரண்டிரண்டாக அவர் மடியில் வைத்தேன். இடது கையால் தடவிப் பார்த்தார். இரண்டுக்கும் ஆட்டினார்.

கடைசியில் நானே மூன்று கல்லை எடுத்து, பெரியதை நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைத்தேன். மகள் வீடியோவில் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மா, இது மீன் தொட்டியா முனியாண்டி கோயிலா? பெருச ஓரமா தள்ளும்மா. அப்பத்தான் நேச்சுரலா இருக்கும்." பெரியவரை ஓரமாகத் தள்ளுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். தள்ளவில்லை.

செடி வாங்கப் பட்டணத்துக்கு அவரையும் வாடகைக் காரில் கூட்டிப்போனேன். கடையில் குட்டிக் குட்டியாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த செடிகளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. செம்பனை மரத்து உடம்பில் ஒட்டிக்கொண்டு வளருமே பெரணி, அதன் ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி ஒன்று. அல்லூரில், அதுதான் தோட்டத்துக் கால்வாயில், தண்ணீரை அடைத்துக்கொண்டு கிடக்கும் பாசி இன்னொன்று. அவர் தோட்டத்தில் களையெடுப்பு ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர். ஆயுசு முழுக்க இதையெல்லாம் மருந்தடித்தும் ஆள்விட்டுப் பிடுங்கியும் ஒழித்தவர். "பாத்தீங்களா, நீங்க கொன்னதெல்லாம் இங்க கண்ணாடிப் பொட்டியில ராசாவாட்டம் உக்காந்திருக்கு" என்றேன். தலையாட்டினார். ஒரு கையில் பெரணி, ஒரு கையில் பாசி, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை வலித்தது. கடைக்காரர் பொறுமையாகத்தான் இருந்தார். எனக்குத்தான் பொறுமை போனது. பெரணியை வாங்கிக்கொண்டேன். பாசியை அல்லூரிலேயே அள்ளி, அலசி, வீட்டில் நட்டேன்.

வேர் பிடித்தது. கப்பி மீன்களை விட்டேன். அதற்கப்புறம்தான் அந்த அதிசயம். அவர் பார்வை சுவரை விட்டு இறங்கித் தொட்டிக்கு வந்தது. காலையில் சக்கர நாற்காலியை மேசையோரம் தள்ளி வைத்தால் மத்தியானம்வரை கண்ணெடுக்காமல் பார்ப்பார். புதுக் கொழுந்து விடும்போது கழுத்தை நீட்டிப் பார்ப்பார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மகளுக்குப் போன் போட்டேன், பயிற்சிக்கு வரும் பெண்ணிடம் சொன்னேன், பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அவருக்கு செடின்னா உசுரு" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன்.

ஒரு நாள் காலை பின்பக்கம் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தேன். மேசையெல்லாம் தண்ணீர். அவர் சட்டைக் கை தோள்வரை நனைந்திருந்தது. தொட்டிக்குள் ஒரு செடிகூட இல்லை. கலங்கின தண்ணீரில் மூன்று கல்லும், இடம் தெரியாமல் சுற்றும் மீன்களும்தான். ஆத்திரம் தலைக்கேறியது. பாடுபட்டு வளர்த்ததைப் பாழாக்கிவிட்டாரே என்று வாயில் வந்தபடி கத்தினேன். அப்புறம்தான் மேசையைச் சரியாகப் பார்த்தேன்.

பிடுங்கிய செடிகளை வரிசையாகப் படுக்க வைத்திருந்தார். எல்லாம் வேர் மேலே பார்க்க இருந்தன. தோட்டத்தில் களை பிடுங்கினால் அப்படித்தான் போடவேண்டும். வேர் மண்ணில் பட்டால் ஒரு மழைக்கே மறுபடி பிடித்துக்கொள்ளும். கவிழ்த்துப் போடாத பெண்களை அவர் திட்டாத நாளில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் திட்டு வாங்கியவள்தான். தலைமாடு கால்மாடு தெரியாத ஆள் செய்கிற வேலை இல்லை அது.

நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "புடிக்காமத்தான் இத்தன நாளா மொறைச்சுக்கிட்டு இருந்தீங்களா?" என்று கேட்டேன். தலையாட்டினார். "இல்ல, பழைய வேல கெடைச்சிதேன்னு ஆசையா செஞ்சீங்களா?" அதற்கும் ஆட்டினார். முகத்தில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. ஒரு செடியை எடுத்து, "திருப்பி நடட்டுமா, வீசிப்புடட்டுமா?" என்றேன். ஆட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே ஆள் இல்லையோ என்று பயந்துகொண்டிருந்தேன். ஆள் இருக்கிறார். மண்டோர் முழுசாக உள்ளே உட்கார்ந்து, நான் ஊட்டுவதையும் குளிப்பாட்டுவதையும் சட்டை மாட்டுவதையும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எதை எப்போது பிடுங்கி எறிய நினைத்தார் என்று எனக்குத் தெரியாது.

நனைந்த கையைத் துண்டால் துடைத்தேன். விரல்கள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. நான் உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேனா என்று கேட்க நாக்குநுனிவரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் தலையாட்டிவிடுவார்.