அசலான போலி

முதலில் தலைகீழாகத் திருப்பித் திருகாணியைப் பார்ப்பார். சாதாரணக் கூட்டல்குறி வெட்டாக இருந்தால் பேச்சே கிடையாது. ஒற்றை விரலால் மேசையின் அந்தப் பக்கம் தள்ளிவிடுவார். திருகாணி தேறினால் அடுத்தது லேபிள். மெழுகு செதுக்கும் கத்தியின் முனையால் அதன் ஓரத்தை மயிரிழை அளவு தூக்கிப் பார்ப்பார். அதுவும் தேறினால், நெற்றியில் ஏற்றி வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு, மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் பச்சைப் பலகையை ஆராய்வார். சிப் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புப் பசை உருண்டை தென்பட்டால், துக்கம் சொல்ல வந்தவர் குரலில், "பொட்டு வெச்சிருக்குங்க. வந்த வழியே அனுப்பிடுங்க" என்பார்.

பழைய வீடியோ கேம்களின் கேட்ரிட்ஜ்களைச் சேர்ப்பவர் அவர். எங்கள் தெருவில் எல்லோரும் அவற்றைக் கேசட் என்றுதான் சொல்வோம். சொன்னால் திருத்துவார். "கேசட் இல்லைங்க, கேட்ரிட்ஜ். கேசட்ல பாட்டு வரும்." பழைய கேம்களை இன்றைக்குப் புதிதாகச் செய்து, பழைய லேபிளையும் நகலெடுத்து ஒட்டி விற்கிறார்கள். ரீப்ரோ என்று அதற்குப் பெயர். அந்தச் சொல்லை அவர் முன்னால் உச்சரித்தால், புளித்த எதையோ வாயில் போட்டுக்கொண்டதுபோல் அவர் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். அவருடைய கூட்டாளிகள் அவருக்கு வைத்த பெயர் 'அசல்'.

அசலின் தொழில் பொய்ப்பல் செய்வது.

என் மேல் வரிசையில் நான்கு பற்கள் அவர் கைவேலை. எவை என்று என் மனைவிக்கே தெரியாது. அவற்றைப் பொருத்திய அன்று கண்ணாடியைக் கையில் கொடுத்தார். ஒரு பல்லில் லேசான மஞ்சள் ரேகை ஓடியது. கறையா என்று கேட்டேன். "நான்தான் வெச்சேன். பக்கத்துப் பல்லெல்லாம் நாப்பது வருஷமா காபி குடிச்சிருக்கு, இது மட்டும் பால் குடிச்ச மாதிரி இருந்தா மாட்டிக்குவீங்க. குறை இருந்தாத்தாங்க உண்மை மாதிரி இருக்கும்." இப்படிப் பேசுகிறவர்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அதே மேசையில் உட்கார்ந்துகொண்டு, போலிகளால் உலகம் கெட்டுவிட்டது என்கிறார். இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டினால் அவருக்குக் கோபம் வராது. "பல்லு வேற, இது வேற. பல்லு இல்லாம சாப்பிட முடியாதே" என்று முடித்துவிடுவார்.

வீட்டின் கீழ்த்தளத்தில் முன்னறைதான் பட்டறை. சுவர் முழுக்கப் பலகைத் தட்டுகள். தட்டுகள் முழுக்க ஊரார் வாய்களின் பிளாஸ்டர் அச்சுகள். உள்ளே நுழைகிறவர்களைப் பார்த்து அத்தனையும் இளிக்கும். மூலையில் முதுகு பருத்த பழைய டிவியும் அதனடியில் கேம் பெட்டியும். அதற்கும் கீழே மர இழுப்பறைகளில், பருத்தித் துணி விரித்துப் படுக்கவைத்த கேட்ரிட்ஜ்கள். அவற்றைத் தொடுவதற்கு விதிகள் உண்டு. கையை உலர்த்திக்கொள்ள வேண்டும். தங்க நிறப் பின்களை விரலால் தொடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாயால் ஊதவே கூடாது. "எச்சில் பட்டா பின்னு அரிக்கும். சின்ன வயசுல எல்லாரும் ஊதி ஊதியே பாதி கேமைக் கொன்னோம்." அவருடைய மனைவி மாடிப்படியில் நின்றபடி ஒருமுறை என்னிடம் சொன்னார்: "இந்த வீட்ல எல்லாமே அசல்தாங்க. என்னைத்தான் இன்னும் திருகாணி கழட்டிப் பாக்கலை."

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் நகரப் பேருந்து ஓட்டுநர், வாய் ஓயாதவர். இன்னொருவர் ஒரு பெண் ஆடிட்டர். வாய் திறந்தால் வாக்கியம் முடியும்வரை யாரையும் குறுக்கே வர விடமாட்டார். நான் சேகரிப்பவன் அல்ல. எதிர்வீட்டுக்காரன், வேடிக்கை பார்க்க வருபவன். வாராவாரம் சண்டை ஒன்றுதான்.

"அண்ணா, நாள் பூரா ஸ்டியரிங் பிடிக்கறேன். வீட்டுக்குப் போனா அரை மணி நேரம் விளையாடணும். ரீப்ரோல ஓடறதும் அதே கேம்தான். சட்டை புதுசு, உடம்பு பழசு. இதுல என்ன தப்பு?" என்பார் ஓட்டுநர்.

"வாங்கறது தப்பில்ல. நாளைக்கு உங்க பையன் அதையே அசல்னு சொல்லி விப்பான், அதான் தப்பு. முதுகுல 'நகல்'னு முத்திரை குத்தி விக்கட்டும், எனக்கு ஆட்சேபணையே இல்ல" என்பார் ஆடிட்டர்.

"உங்களுக்கு எப்படி இருக்கும்? நீங்க வாங்கின கேம்ல ஒண்ணுகூட சீல் பிரிக்கல. உள்ள செங்கல் இருந்தாக்கூட உங்களுக்குத் தெரியாது, மேடம்."

"தெரிய வேண்டாம்."

தீர்ப்பு அசலிடமிருந்து வரும். "பழைய கேமுங்கறது உள்ள ஓடற படம் மட்டும் இல்ல தம்பி. அந்த நாள்ல, அந்தக் கையால செஞ்ச பொருள். இன்னிக்குச் செஞ்சா அது இன்னிக்குப் பொருள்தான். வேணும்னா விளையாடுங்க. என் மேசைக்குக் கொண்டுவராதீங்க."

இவ்வளவு கறார் பேசும் மனிதர் பல வருடங்களாகத் தேடிக்கொண்டிருந்தது ஒரு போலியை. அதை நான் அறிந்தது, அவர் என் பல்லுக்கு மெழுகு உருக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில்.

சின்ன வயதில் அவர் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கேட்ரிட்ஜ். ஏணி ஏறித் தீயணைக்கும் இரண்டு வீரர்களின் கதை. 'ஃபயர் லேடர்' என்பது கேமின் பெயர். யாரோ கள்ளத்தனமாக நகலெடுத்தபோது லேபிளில் இருந்த இரண்டு ஆங்கில 'D'-யில் ஒன்றை விழுங்கிவிட்டார்கள். அதனால் அவரும் அவருடைய அக்காவும் அதை 'லாடர்' என்றே அழைத்தார்கள். நகலெடுத்தவர் உள்ளேயும் எதையோ குளறுபடி செய்திருந்தார். இரண்டாவது ஆளாக வரும் வீரன் பச்சை நிறத்தில் இருந்தான். மாடியிலிருந்து கீழே விழுந்தால் அவன் சாகமாட்டான். திரையின் மேல்விளிம்பிலிருந்து தொப்பென்று மறுபடி குதிப்பான். அக்கா எப்போதும் பச்சை. வேண்டுமென்றே விழுவார். "மேலேருந்து வந்துட்டேன் பாத்தியா" என்பார். கேம் வேலை செய்யாவிட்டால் ஊதுவதும் அக்காதான். தம்பி ஊதினால் எச்சில் தெறிக்கும் என்று விடமாட்டார்.

முதல் சம்பளத்தில் அசல் 'ஃபயர் லேடர்' ஒன்றை வாங்கினார் நம் ஆள். அன்றைக்கே அந்தப் போலியைக் குப்பையில் போட்டார். ஒரு உறையில் இரண்டு கத்தியா என்ற ரோஷம்.

அக்கா கல்யாணமாகி வெகுதூரம் போய்விட்டார். சில வருடங்களுக்கு முன் வந்திருந்தபோது, அவரை இந்த டிவி முன் உட்காரவைத்து அசல் கேட்ரிட்ஜைப் போட்டிருக்கிறார். அக்கா விழுந்தார். திரை இருண்டது. 'ஆட்டம் முடிந்தது' என்று எழுத்து வந்தது.

"என்னடா இது? நான் சாக மாட்டேனே?"

"இதுதான்க்கா ஒரிஜினல்."

"அப்போ நம்ம விளையாடினது?"

"அது தப்பான காப்பி."

"இது அது இல்லடா" என்று ஜாய்ஸ்டிக்கை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாராம்.

இதைச் சொல்லும்போது மெழுகு கொதித்துக் கருகியது. அவர் கவனிக்கவில்லை. "அக்கா வீட்டு அத்தான் போன வருஷம் தவறிட்டாருங்க. போயிருந்தேன். அவ ஒரு வார்த்தை பேசலை, அழவும் இல்லை. இப்ப போன்ல, மாத்திரை போட்டியான்னு கேப்பா. போட்டேன், நீ போட்டியான்னு கேப்பேன். போட்டேன்னு சொல்லுவா. அப்புறம் ரெண்டு பேரும் சும்மா லைன்ல இருப்போம். முகத்தைப் பாத்தா எங்களுக்குப் பேச்சு வராதுங்க. லாடர் ஆடும்போதுதான் பேசுவோம். கண்ணு திரையில இருக்கும், வாய் பாட்டுக்குப் பேசும். பள்ளிக்கூடத்துல யார் அடிச்சா, அப்பா ஏன் கோவமா இருக்கார், எல்லாம் அப்படித்தான் சொல்லுவா."

அந்தப் போலி எங்கும் கிடைக்கவில்லை. அசல்களைப் பட்டுத் துணியில் சுற்றி வைத்தவர்கள் உண்டு. போலிகளை யார் வைத்திருக்கிறார்கள்? அவரைப் போலவே எல்லோரும் தூக்கி எறிந்திருந்தார்கள்.

அக்கா வரப்போகிறார் என்று தெரிந்த வாரத்தில், ஓட்டுநர் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். புத்தம்புதுப் பிளாஸ்டிக். லேபிளில் ஓர் எழுத்து குறைந்திருந்தது.

"எவனோ ஒருத்தன் கையில அந்தக் கள்ளக் காப்பி இருந்திருக்குண்ணா. அப்படியே இறக்கி, ரீப்ரோ போட்டு விக்கறான். பச்சை ஆளு, மேலேருந்து குதிக்கறது, எல்லாம் அப்படியே. நான் ஆடிப் பாத்துட்டேன்."

அசல் அதை எடுக்கவில்லை. கழுத்தை நீட்டித் திருகாணியை மட்டும் பார்த்தார். கூட்டல்குறி.

"போலிக்கு நகல் போட்டா என்ன கணக்கு, மேடம்?" என்றார் ஓட்டுநர்.

"மைனஸை மைனஸால பெருக்கினா பிளஸ்."

"கணக்குல சரி. பொருள்ல இல்ல" என்றார் அசல். "எனக்கு அந்த நாள்ல செஞ்ச போலி வேணும். அசலான போலி." அவர் சிரிக்கவில்லை. நாங்களும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்காமல் இருந்தோம்.

"நீங்கதானேண்ணா சொல்வீங்க, குறை இருந்தாத்தான் உண்மை மாதிரி இருக்கும்னு? குறையோட செஞ்சதையே கொண்டாந்திருக்கேன், அதையும் வேணாங்கறீங்க."

"பல்லு வேற, இது வேற. எடுங்க அதை."

ஓட்டுநர் எடுத்தார். ஆனால் கிளம்பும்போது மறந்துவிட்டவர்போல, தட்டிலிருந்த ஒரு பிளாஸ்டர் வாயைத் திறந்து, அதன் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே சொருகிவிட்டுப் போனார். அந்த வாய் அதைக் கவ்விக்கொண்டே இருந்தது. "தினம் தட்டைத் துடைக்கறார். அந்த ஒரு வாயை மட்டும் சுத்தி வந்துடறார்" என்று அசலின் மனைவி எனக்குத் தகவல் சொன்னார்.

அக்கா வந்தார், இருந்தார். ஒருவருக்கொருவர் மாத்திரைகளை ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். மறுநாள் காலை ரயில் என்றிருந்த மத்தியானத்தில், அந்த நான்கு பற்கள் பதித்த என் தகடு ஒரு பக்கம் உரசுகிறது என்று நான் போயிருந்தேன். தகட்டைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு மூலை நாற்காலியில் உட்கார்ந்தேன். நான்கு பல் இல்லாமல் எனக்கு 'ச' வராது. ஆகவே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அக்கா படியிறங்கி வந்தார். நரைத்த தலை, மூக்கின் நுனியில் கண்ணாடி. தம்பி உடனே அவருடைய முன்பல்லைப் பார்த்தார். "அந்தப் பல்லு மேல கேப்பு யாருக்கா போட்டது? நிறம் கொஞ்சம் தூக்கலா இருக்கு."

"அதெல்லாம் யார் பாக்கப் போறா, விடுடா." அக்கா பிளாஸ்டர் வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், ஒன்றின் முன்னால் நின்றார். "டேய். லாடர்!"

"அது... அது ரீப்ரோக்கா."

"அப்படின்னா?"

"இப்ப செஞ்சது. போலி."

"நம்மளோடது மட்டும் என்ன வாழ்ந்துச்சு?" வாயைத் திறந்து அதை விடுவித்துத் தம்பியிடம் நீட்டினார் அக்கா.

அசல் அதை வாங்கினார். பழக்கம் விடாது, தலைகீழாகத் திருப்பினார், மற்றொரு கையால் திருப்புளியைத் தேடி எடுத்தார். கூட்டல்குறி வெட்டின் மேல் அதன் முனையைப் பொருத்தினார். பிறகு திருப்புளியை என் பல் தகட்டின் பக்கத்தில் வைத்துவிட்டு, "கேசட்டைப் போடட்டுமா?" என்று கேட்டார்.

திரையில் இரண்டு வீரர்கள், ஒரு ஏணி, ஜன்னல் ஜன்னலாகத் தீ. அக்காவின் பச்சை ஆள் இரண்டாவது மாடியிலிருந்து விழுந்தான். தம்பி திரையைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார். தொப்.

"மேலேருந்து வந்துட்டேன் பாத்தியா!"

"பாத்தேன் பாத்தேன், ஏணியைப் பிடி."

"நீ தண்ணியை அந்தப் பக்கம் அடிடா, எருமை." ஏறினார்கள். விழுந்தார்கள். திட்டிக்கொண்டார்கள். நாலாவது மாடியை நெருங்கும்போது அக்காவின் குரல் மாறியது. கண் திரையை விட்டு நகரவில்லை. "உங்க அத்தான் இருந்த வரைக்கும் டிவி ஓடிட்டே இருக்கும்டா. எனக்குக் காது வலிக்கும், அணைங்கன்னு கத்துவேன். இப்ப அதைத் தொடறதே இல்ல. அன்னிக்குக் காலையில கூட நான் கத்தினேன். அவர் ஒண்ணும் சொல்லலை, அணைச்சிட்டு எழுந்து உள்ள போனார். போனவர்..."

திரை உறைந்தது. பச்சை ஆள் விழும் வழியில் அந்தரத்தில் நின்றான். ஒரே சுருதியில் 'ங்' என்ற ஓசை.

அக்கா பேச்சை நிறுத்தினார். ஜாய்ஸ்டிக்கை மடியில் இறக்கிவிட்டு, கண்ணாடியைக் கழற்றப் போனார்.

ரீப்ரோ என்றால் இதுதான் கதி என்று எத்தனையோ ஞாயிறுகளில் தம்பி பிரசங்கம் செய்து நான் கேட்டிருக்கிறேன். இப்போது அவசரமாக எழுந்து, டிவியின் கீழே குனிந்து கேசட்டைப் பிடுங்கினார். ஒரு துளி தூசி இல்லாத, நேற்றுப் பிறந்த பொருள். அதன் திறந்த பக்கத்தை அக்காவின் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார், ஊதச் சொல்லி.