மூத்த தாய்மாமன் புடவை

தங்கை மகளுக்குச் சிதம்பரத்தில் மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன்கள் இரண்டு பேர். தம்பிக்குக் காடாம்புலியூரில் முந்திரிக் கம்பெனி. எனக்குக் கடலூர் செம்மண்டலத்தில் ஜெராக்ஸ் கடை. சீர் குறைந்தால் தங்கைக்கு மாமியார் வீட்டில் பேச்சு விழும்.

மண்டபத் தெருமுனையில் தம்பியின் சீர் லாரியிலிருந்து இறங்கியது. செண்டை மேளம், வெடி, தெரு முழுக்கத் தட்டு. என்னுடையது ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிட்டது. அந்தப் பதற்றத்தில்தான் அந்த மகத்தான யோசனை உதித்தது: அவன் ஊர்வலத்துக்குள் என் தட்டுகளைக் கலந்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

கலந்துவிட்டேன். ஆப்பிள் தட்டோடு மேளத்தின் பின்னால் ஓடிய என்னைப் பார்த்துத் தம்பி சிரித்தான்.

"என்னண்ணே இந்த ஓட்டம்? இதத்தான் நான் சொல்றது. எல்லாரும் ஒரே மாதிரி இருந்தா எவன் ஓடுவான்? மேல கீழ இருந்தாத்தான் மனுஷன் முன்னேறுவான்."

முன்னேறிக்கொண்டுதான் இருந்தேன். மூச்சுதான் வரவில்லை.

மூத்த தாய்மாமன் எடுத்த புடவையைத்தான் பெண் முதலில் உடுத்த வேண்டும். அது எங்கள் வழக்கம். மேடையில் தட்டுகள் குவிந்ததும் தங்கை கேட்டாள், "அண்ணே, உன் பொடவ எது?"

அவள் மாமியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். தம்பியின் பட்டுகளுக்கு நடுவே என் புடவை, பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கு வந்தவனைப் போல் ஒடுங்கிக் கிடந்தது. கை நீள மறுத்தது.

"இங்கதாம்மா... எங்கியோ..." என்று தேடுவதுபோல் நடித்தேன்.

தம்பி குனிந்து, இருப்பதிலேயே ஜரிகை அதிகமான பட்டை எடுத்தான். "இதாம்மா, அண்ணன் எடுத்தது. என்னுதெல்லாம் இதுங்கிட்ட நிக்குமா?"

தங்கை என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"பெரியவரு ஜாஸ்தியாவே செஞ்சிட்டாரு" என்றார் மாமியார். நான் கும்பிட்டேன். வேறென்ன செய்ய?

கடலூர் பஸ்ஸில் மனைவி சொன்னாள், "உங்க தம்பி மட்டும் சமாளிக்கலன்னா மானம் போயிருக்கும். நல்ல மனுஷன்."

நல்லவன்தான். கெட்டவனாக இருந்திருந்தால் வழியெல்லாம் திட்டிக்கொண்டாவது வந்திருப்பேன். மூத்தவன் என்பதற்காக மட்டும் எனக்கென்று ஒரு முதலிடம் இருந்தது. அதற்குக் காசு தேவைப்பட்டதில்லை. இன்று அதையும் அவன் தயவில்தான் வாங்கிக்கொண்டேன்.

"என்னங்க, பேச்சையே காணோம்?"

"ஓடுனதுல கால் வலிக்குது" என்றேன்.