ஏரிக்கரைக்கு வந்த ஜெனரேட்டர்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

பறவைகளைப் படம் எடுக்க மானாம்பதி ஏரிக்கரையில் கூடாரம் போட்டிருக்கிறோம். கேமரா பேட்டரி தீர்ந்துவிட்டது. சார்ஜ் ஏற்ற, உத்திரமேரூர் மைக் செட்காரரிடம் சின்ன ஜெனரேட்டர் வாடகைக்குக் கேட்டேன். அவரே கொண்டுவந்தார்.

“தூரமா வைங்கண்ணே. மோட்டார் சத்தம் கேட்டா பறவையெல்லாம் பறந்துடும்” என்றேன். தலையாட்டினார்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், புளியமரத்தில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டி அம்மன் பாட்டு அலறவிட்டிருக்கிறார். ஏரியில் ஒரு கொக்குகூட இல்லை.

கத்தித் தீர்த்தேன்.

அவர் நிதானமாகச் சொன்னார்: “இன்னா சார் கோச்சிக்கிறீங்க? மோட்டார் சத்தம் கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதான் பாட்டப் போட்டு அமுக்கிக்கினு கீறேன்.”

பேட்டரி இப்போது ஃபுல். யார் வீட்டிலாவது கொக்கு இருந்தால் சொல்லுங்கள், வந்து படம் எடுத்துக்கொள்கிறேன்.